சப்பாத்து வைத்த இடம்

அக்டோபரில், நாங்கள் வசிக்கும் சிட்னியின் நீள வார இறுதி முடிந்த மறு வாரம், யாங்சி ஆற்றுக் கப்பலில் அது எங்களுக்கு மூன்றாம் நாள். காலையில் மனைவி வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டாள். பிறகு, கப்பலில் கொடுத்த உப்பில்லாத கஞ்சியை இரண்டு கரண்டியோடு தள்ளி வைத்தாள்.

"எங்கட வென்ட்வேர்த்வில்லில இருந்து ஒரு இடியப்பக் கடையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம்."

"கொஞ்சமாவது சாப்பிடும்."

"நீங்களே சாப்பிடுங்கோ. சுவர்க்காகிதம் ஒட்டுற பசை மாதிரிக் கிடக்கு."

அவளுக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால் கொடுக்கும் குளுக்கோஸ் இனிப்புகள் என் சட்டைப் பையில் இருந்தன. அவளுடைய கைப்பையில் தேடி எடுப்பதற்குள் காரியம் கெட்டுவிடும் என்பதால் அவற்றை எப்போதும் நான்தான் வைத்திருப்பேன்.

அன்று பார்க்கப் போனது பாறையோடு ஒட்டி மரத்தால் கட்டிய ஒரு சிவப்புக் கோபுரம். அணை கட்டி நீர் உயர்ந்தபின் அந்தப் பாறை தீவாகிவிட்டது. ஆடும் பாலமொன்றில் நடந்து போகவேண்டும். கோபுரத்துக்குள் சிலைகள் தெரிந்ததும் நாங்கள் இருவரும் குனிந்து சப்பாத்தைக் கழற்றினோம். குழுவில் வேறு யாரும் கழற்றவில்லை. வழிகாட்டிப் பெண் தேவையில்லை என்று கையசைத்தாள்.

"உள்ளுக்கை சாமி இருக்குது பிள்ளை. எப்பிடிச் சப்பாத்தோட போறது?" என்று மனைவி அவளிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, இரண்டு சோடியையும் வாசல் சுவரோரம் ஒன்றாக வைத்தாள்.

உச்சியில் சிறிய கோயில் முற்றம். கல்வெட்டு ஒன்றும் அதன் பக்கத்தில் ஆங்கில விளக்கப் பலகையும் இருந்தன. ஏதோ ஒரு அரசனின் ஆட்சியாண்டைக் கொடுத்திருந்தார்கள். அதை நமது ஆண்டுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு நின்றேன். விடை வந்ததும் சொல்லத் திரும்பினேன். மனைவி இல்லை. குழுவும் இல்லை.

வந்த வழியால் இறங்க விடமாட்டார்கள். பின்பக்கப் படிகளால்தான் இறங்கவேண்டும். குழுவோடு போயிருப்பாள் என்று நினைத்து இறங்கி, பாலத்தடிக்கு வந்தேன். எல்லோரும் நின்றார்கள். அவள் மட்டும் இல்லை.

மெல்பேர்ன் டார்னெய்ட்டிலிருந்து வந்திருந்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் சிரித்தார். "என்ன சார், மேடத்தை சைனாவுக்கே குடுத்துட்டீங்களா?"

நானும் சிரிக்கப் பார்த்தேன். அவளுடைய கைபேசி கப்பல் அறையில் மின்னேறிக்கொண்டிருந்தது. சீன மொழியில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன குளிர்காலத்தில் பரமட்டா ரயிலில், பேசிக்கொண்டிருந்தவள் பாதி வசனத்தில் நிறுத்தி, வியர்த்து, கண் செருகி என் தோளில் சாய்ந்ததை நான் பார்த்தவன். அன்று இனிப்பு என்னிடம் இருந்தது, நானும் பக்கத்தில் இருந்தேன். இப்போது இனிப்பு மட்டும் என்னிடம் இருந்தது.

வழிகாட்டி யாரையோ தொலைபேசியில் அழைத்தாள். கப்பல் அதிக நேரம் நிற்காது, பின்னால் இன்னொன்று துறைக்குக் காத்திருக்கிறது என்றாள். கீழே மண்ணிறத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். பாலத்தடிக் கடை வரிசையில், அவள் போட்டிருந்ததைப் போல வெள்ளைத் தொப்பி எங்கே தெரிந்தாலும் அவளாக இருந்தது. கிட்டப் போனால் வேறு யாரோ.

திரும்பி வந்தபோது டார்னெய்ட்காரர் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"சார், உங்க ஷூ எங்க?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். காலுறை நனைந்து கறுத்திருந்தது. அவ்வளவு தூரமும் சப்பாத்து இல்லாமல் நடந்திருக்கிறேன்.

சிட்னிக் கோயிலில் திருவிழாக் கூட்டத்தில் நாங்கள் பிரியாத ஆண்டில்லை. யாரும் யாரையும் தேடுவதில்லை. செருப்புத் தட்டருகே போய் நின்றால் மற்றவர் தானாக வந்து சேருவார்.

முழங்கால் வலியை மறந்து ஓடினேன். கோபுரத்தின் முன்வாசலில், இரண்டு சோடிச் சப்பாத்துக்கும் பக்கத்தில், அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு வெளிறியிருந்தது. அவசரத்தில் முதல் இனிப்பு நிலத்தில் விழுந்தது. இரண்டாவதை அவள் வாயில் வைத்தேன், பிறகு இன்னொன்று. அவள் மெல்லத் தொடங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கையப்பா போனீங்கள்?" குரல் மெல்லத்தான் வந்தது.

"பாலத்தடிக்கு. நீர் ஏன் அங்கை வரேல்லை?"

"நீங்கள் சப்பாத்தில்லாமல் எங்கை போகப்போறியள் எண்டுதான் பின்பக்கத்தால இறங்கிச் சுத்தி வந்து இஞ்சை இருந்தனான்." என் காலுறையைப் பார்த்தாள். "போயிருக்கிறியள்."

கப்பல் ஊதியது. சப்பாத்து நாடாவைக் கட்ட நேரமில்லை. அதை அப்படியே உள்ளே செருகிக்கொண்டு அவளுடைய கையைப் பிடித்தேன். பாலம் முழுவதும் விடவில்லை. அவள் நிறம் திரும்பியிருந்தது.

"அந்தக் கல்லில என்ன ஆண்டு போட்டிருந்தது?"

யோசித்தேன்.

"மறந்துபோச்சு."

"நல்லாயிருக்கு," என்றாள். "அதுக்குத்தானே என்னை விட்டிட்டு நிண்டனீங்கள்."