மன்னாருக்குப் போகவிருந்த குழாய்கள்

முந்தல் சந்தியில் புத்தளம் பஸ்சுக்குக் காத்து நின்றபோதுதான் சில்மியாவின் அழைப்பு வந்தது. "டீச்சர், உம்மா மவுத்தாகிட்டா" என்றாள். அவளுடைய தாய் இறந்த செய்தி அது. முதல் நாள் மாலைதான் அவளுடைய உம்மா, எனக்கு அக்கா போன்ற றஹீமா ராத்தா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என் வீட்டுக் கூரைப் பீலியில் சருகு அடைத்திருக்கிறது என்று ஏசிவிட்டுப் போயிருந்தார். மாரிக்கு முன் அதைத் துப்பரவாக்காவிட்டால் என்னோடு கதைக்கமாட்டாராம்.

கரைத்தீவில் அவரை நினைவுகூரும் உங்களில் பலருக்கு அவர் கண்டிப்பான தையல் டீச்சர். பள்ளிக்கூட டீச்சரான எனக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரரும்தான். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து கையில் அகப்பட்டதோடு வந்தவர். பல காலம் ஓலைக் கொட்டிலில் இருந்தவருக்கு, யுத்தம் முடிந்த பிறகு ஓர் உதவி நிறுவனம் வீடு கொடுத்தது. சுவர், கூரை, கதவு எல்லாம் துண்டு துண்டாக லொறியில் வந்து இறங்கின. ஆட்கள் அவற்றைப் பொருத்திப் பூட்டினார்கள், வீடு நின்றது. தண்ணீர்த் தாங்கியிலிருந்து அடுக்களைக்குப் போகிற குழாய்கள் வெளியே சுவரோரம், மண்ணுக்கு மேலேயே கிடந்தன. ராத்தாவுக்கு அந்த வீடு பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். "பூட்டின வீட்டக் கழட்டலாம் டீச்சர். மன்னாருக்குப் போற அன்டைக்கு அப்படியே லொறியில ஏத்திருவன்" என்பார்.

மாரி வருமுன் அவர் அந்தக் குழாய்களைத் தயார்படுத்துவது பார்க்க வேண்டிய காட்சி. மவுத்தாகிப்போன கணவரின் பழைய சேர்ட்டை உடுப்புக்கு மேல் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். தாங்கியைக் காலியாக்கி அடியில் தங்கிய சேற்றைக் கழுவுவார். வெயிலில் வெடித்த துண்டுகளை வெட்டி மாற்றுவார். சைக்கிள் டியூப்பைக் கீலங்களாக நறுக்கிக் குழாய்களை மண்ணில் அடித்த முளைகளோடு கட்டுவார். ஒரு வேலையை மட்டும் செய்யவே மாட்டார். பொருத்துகளில் ஒட்டுகிற பசையான கம் பூசமாட்டார், வெறுமனே அழுத்திச் செருகுவதோடு சரி. நான் சொன்னேன், குழாய் பூட்டுகிறவர் சொன்னார், யார் சொல்லியும் காதில் ஏறவில்லை. "கம் பூசினா பிறகு வெட்டித்தான் எடுக்கோணும். போகக்குள்ள ஆர் இதெல்லாம் வெட்டிக்கிட்டு நிக்கிற?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

ஒரு மாரியில் கடலோரக் களப்புத் தண்ணீர் முற்றத்துக்கே ஏறிவிட்டது. விடிந்து பார்த்தால் குழாய்கள் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு மிதக்கின்றன. பொருத்துகள் எல்லாம் கழன்று, தாங்கியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மின்சாரமும் இல்லை, மோட்டர் போட வழியில்லை. வீட்டுக்குள் சில்மியா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து சத்தம் போட்டாள்: "உம்மா, நீங்க மன்னாருக்குப் போறதுக்காக என்ட புள்ள இங்க தண்ணியில்லாமக் கிடக்கணுமா?" ராத்தா குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நடந்து, மேட்டிலிருந்த எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்.  

தண்ணீர் வற்றியதும் அவர் மன்னாருக்குப் போய்க் காணியைப் பார்த்து வந்தார். முட்செடி மண்டிக் கிடந்ததாம், ஆனால் கிணறு அப்படியே இருந்ததாம். "இளநி மாதிரித் தண்ணி டீச்சர்" என்றபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. இனி இவரைப் பிடிக்க முடியாது, இந்த வருடமே புறப்பட்டுவிடுவார் என்று நினைத்தேன். சில்மியாவும் பயந்துதான் இருந்தாள். அவளுடைய கணவருக்கு இங்கே உப்பளத்தில் வேலை, மூத்த பிள்ளைக்கு இங்கே பள்ளிக்கூடம்.

அடுத்த மாரிக்கு முன் ராத்தா வேலியோரம் வந்து, "டீச்சர், உங்கட மம்பட்டியக் கொஞ்சம் தாங்க" என்றார். சுவரோரம் முழுவதும் வாய்க்கால் வெட்டினார். ஒவ்வொரு பொருத்தையும் துடைத்துக் கம் பூசிச் செருகி, காயவிட்டு, குழாயை மண்ணுக்குள் புதைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன ராத்தா, மன்னார்ப் பயணம் நின்டு போச்சா?" என்றேன்.

நிமிராமலே சொன்னார்: "நான் போகத்தான் போறன். பைப் இங்க நிக்கட்டும்."

அவர் போகவில்லை. போகமாட்டேன் என்று சொன்னதும் இல்லை. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் "வாற பெருநாள் மன்னார்லதான்" என்று எங்களுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். நாங்களும் சிரித்துக்கொண்டு தின்றோம்.

ஜனாஸா அடக்கத்தன்று, முன்பே மன்னாருக்குத் திரும்பிவிட்ட அவருடைய தம்பி, ராத்தாவை ஊருக்கே கொண்டுவரச் சொல்லி அழைத்தார். சில்மியா யோசித்து, இங்கேயே அடக்குவோம் என்று சொல்லிவிட்டாள். குளிப்பாட்டுவதற்கு வெளிக் குழாயில் வாளியை வைத்துவிட்டு, அது நிறையும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "டீச்சர், உம்மாவ மன்னாருக்குக் கொண்டு போகல்லயே. ஏசுவாவா?"

"ஓம், ஏசுவா" என்றேன். "ஏசிட்டு உங்களோடதான் இருப்பா."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தைத்தான். போக வேண்டிய ஊரைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காமலே, இருக்கிற ஊரில் பேரப்பிள்ளைக்குத் தண்ணீர் வரச் செய்துவிட்டுப் போன பிடிவாதம்.