கடைசி அடுக்கில் கிடந்த சீட்டு

போன வாரம் ஆவடியில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கை கோத்ததும் யாரோ கையிலிருந்த ஓர் அட்டைக் குழாயைத் திருக, கலர் காகிதத் துணுக்குகள் பொலபொலவென்று கொட்டின. ஒன்று என் பாயசத்தில் விழுந்தது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் அதை எடுத்து முனை கூராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

எங்கள் காலத்துத் துணுக்கு நீள்சதுரம். கண்ணில் பட்டால் தொலைந்தோம். எழுபதுகளில் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் நான் பஞ்ச் ஆபரேட்டர். தாளில் உள்ள எண்ணையும் எழுத்தையும் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி அட்டைகளில் ஓட்டைகளாகப் போடுகிற வேலை. ஓட்டையிலிருந்து விழும் துணுக்கெல்லாம் மெஷினுக்கு அடியில் சேரும். புதுப்படம் வந்தால் ரசிகப் பையன்கள் கோணிப்பையோடு கேட்டில் நிற்பார்கள், திரையில் ஹீரோ வரும்போது அள்ளி வீச. வாட்ச்மேன் அதட்டுவார். பிறகு அவரே மூட்டை கட்டிக் கொடுப்பார். அவருக்கும் அதே ஹீரோதான்.

பஞ்ச் ரூமில் யோசிக்கக் கூடாது. தாளில் இருப்பதை அப்படியே அடிக்க வேண்டும், யோசித்தால் வேகம் போய்விடும். எனக்கோ யோசிக்க ஆசை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சீலி மிஸ் உட்கார்ந்திருப்பார். முழுப்பெயர் ஜெயசீலி. ஆவடியிலிருந்து ரயிலில் வருவார். எங்கள் தொழிற்சாலையின் முதல் புரோகிராமை எழுதியவர் அவர்தான். ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"மிஸ், நானும் புரோகிராம் எழுத முடியுமா?"

"முடியும். ஆனா நீ நினைச்சத மெஷின் செய்யாது, எழுதினதத்தான் செய்யும். அந்த அவமானத்த தாங்குவியா?"

"தாங்குவேன் மிஸ்."

சொல்லிவிட்டேனே தவிர, அவமானம் எந்த உருவத்தில் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அவர்தான் மேனேஜரிடம் பேசினார். மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு புரோகிராம் எழுதி மூன்று முறை ஓட்டிப் பார்க்கலாம். சரியாக வந்தால் டிரெய்னி புரோகிராமர். வராவிட்டால் மறுபடி பஞ்ச் ரூம், இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மூன்றே முறை என்றதற்கும் காரணம் இருந்தது. கம்ப்யூட்டர் எங்களுடையதல்ல. பட்டணத்தில் ஓரிடத்தில் வாடகைக்கு நேரம் வாங்கியிருந்தோம். புரோகிராமையும் அட்டைகளில்தான் அடிப்போம். காலையில் வேன் அந்த அட்டைகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போகும், சாயங்காலம் அச்சடித்த தாளோடு திரும்பும். ஒரு புள்ளி விட்டுப்போனால் ஒரு நாள் போச்சு.

எனக்குக் கொடுத்த கணக்கு சின்னதுதான். ஸ்டோர்ஸில் ஒரே போல்ட்டுக்கு நாலைந்து அட்டை இருக்கும். அவற்றைக் கூட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரியாக மொத்தம் அச்சடிக்க வேண்டும். சீலி மிஸ், ஸ்டோர்ஸுக்கே வேறொரு லிஸ்ட் போட்டு இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த தன் புரோகிராமைக் கொடுத்து, "இத பாத்து கத்துக்கோ" என்றார். பார்த்தேன், மனப்பாடமே செய்தேன். முதல் முறை ஒரு புள்ளியை விட்டேன். இரண்டாம் முறை எல்லா எண்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. தாளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

அப்போதுதான் சீலி மிஸ் தன் டிபன் கேரியரைக் கழற்றி மேஜையில் பரப்பினார். "ஒவ்வொரு அடுக்கும் மெஷினோட ஞாபகத்துல ஒரு இடம். நம்பர சீட்டுல எழுதி உள்ள வை. புதுசு வெச்சா பழசு போயிடும். நீயே மெஷினா உக்காந்து வரி வரியா செய். புத்திசாலித்தனம் பண்ணாத, எழுதினத மட்டும் செய்." சாம்பார் வாசனையோடு நான் கம்ப்யூட்டரானேன்.

சனிக்கிழமை மூன்றாவது பெட்டியைக் கட்டினோம். மிஸ் ஒரு முறை பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புரோகிராமின் கைப்பிரதியையும் கழித்துப்போட்ட சில சாமான் அட்டைகளையும் முன்னால் வைத்து, வீட்டுக் கேரியரை எடுத்துப் பரப்பி உட்கார்ந்தேன். தம்பி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, காயிதத்த துன்னப் போறியா?" என்றான். ஒவ்வோர் அட்டையாகப் படித்து, கூட்டி, சீட்டை மாற்றிக்கொண்டே வந்தேன். அட்டைகள் முடிந்தன. நிறுத்து என்றது புரோகிராம். நிறுத்தினேன்.

கடைசி அடுக்கில் ஒரு சீட்டு அப்படியே கிடந்தது.

அடுத்த சாமானின் எண் வரும்போதுதான் முந்தைய சாமானின் மொத்தம் அச்சாகும். கடைசி சாமானுக்குப் பிறகு அடுத்தது ஏது? அதைக் கூட்டி வைத்துவிட்டு, அச்சடிக்காமலே முடித்துவிடுகிறது என் புரோகிராம். அன்றிரவே மூன்று வரிகளை மாற்றி எழுதினேன். ஒரு வரிக்கு ஓர் அட்டை.

திங்கட்கிழமை ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வேன் டிரைவர் முனுசாமி பெட்டியை ஏற்றிவிட்டிருந்தார்.

"அண்ணே, பெட்டிய குடுங்க, மூணு அட்ட மாத்தணும்."

"இன்னாமா, கெளம்பற நேரத்துல ரோதன பண்ற? நா டீ குச்சிட்டு வர்ற வரிக்கும்தான் டைமு. வந்தன்னா கெளம்பிகினே இருப்பேன்."

மூன்று அட்டைகளை அடித்தேன். யோசிக்காத விரல்கள் அன்றைக்குக் கை கொடுத்தன. சாயங்காலம் தாள் வந்தது. கடைசி வரியில் கடைசி சாமான் நின்றது. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

மிஸ்ஸிடம் ஓடி, தாளைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் புரோகிராமை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகப் போனார். "உன் தப்பு இல்லமா. என்னுதுலேந்துதான் உனக்கு வந்திருக்கு" என்றார். உடனே ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கே இருந்தவர் சர்வசாதாரணமாகச் சொன்னாராம்: "கடைசி ஐட்டமா? அது எப்பவுமே வராது மிஸ். மெஷினுக்குப் புடிக்கல போலன்னு நாங்களே கையால எழுதிக்கினு இருக்கோம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிஸ் எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனார். தாளும் கையுமாக நான் வாசலில் நின்றேன்.

"அதான் அவங்களே எழுதிக்கிறாங்களே. சத்தமில்லாம மாத்திடுங்க" என்றார் மேனேஜர். "கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் போஸ்ட் உங்களுக்குன்னு முடிவாகிற நேரம். இப்ப வெளியில சொன்னா உங்க பேர்தான் கெடும்."

"எழுதினது நான் சார். என் பேர் கெட்டா கெடட்டும், லிஸ்ட் கெடக் கூடாது."

அன்றைக்கே அந்த லிஸ்டை நம்பியிருந்த ஒவ்வொரு பிரிவுக்கும் அவரே நடந்து போய்ச் சொன்னார். நான் டிரெய்னி ஆனேன். தலைவர் நாற்காலியில், அட்டையைத் தலைகீழாகப் பிடிக்கிற ஒருவர் அக்கவுண்ட்ஸிலிருந்து வந்து உட்கார்ந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இது நியாயமா மிஸ்?"

"நியாயமில்லதான். அதுக்காக, சொன்னது தப்பாயிடுமா? இந்த வேலையில தப்பு வராம இருக்காது. உன் தப்ப முதல்ல சொல்றவ நீயா இரு, போதும்."

அப்படியே இருப்பது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். அதன் பிறகு புரோகிராமராகவே இருந்து ஓய்வு பெற்றேன். எத்தனையோ முறை எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். அதனால் பதவி உயர்வும் கைநழுவியிருக்கிறது. வருத்தமில்லை என்றால் பொய், ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அட்டை இல்லை, வேன் இல்லை, சீலி மிஸ்ஸும் போய்விட்டார். நேற்று செல்போனில் கரண்ட் பில் கட்டப் போனேன். 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயற்சிக்கவும்' என்றது. யாரோ எழுதியதுதானே இதுவும்? அந்த யாரோ எழுந்து வந்து, என்னுடையதுதான் என்று சொல்லமாட்டாரா என்று, அசட்டுத்தனம்தான், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.