தோல் கட்டிய ஷீஷா

ரயில் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கத் தொடங்கிவிடும். ஆம்பூரில் தண்டவாளத்தை ஒட்டிய தெரு அது. தோல் வாடையும் ரயில் அதிர்வும் கேட்காமலே வீட்டுக்குள் வரும். வெளிச்சம் மட்டும் வராது. ஜன்னலுக்கு மரக் கதவு. திறந்தால் புழுதி, மூடினால் பட்டப்பகலில் லைட்டு.

அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். பக்கத்து மிஷின் நூர்ஜான் அக்கா. ஜன்னல் கண்ணாடிக்கு 'ஷீஷா' என்ற சொல்லை அம்மா அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாள். பாரசீகத்தில் பிறந்து, உருது வழியாக எங்கள் தெருவுக்கு வந்த சொல். எண்ணெய் வாங்கக் கொண்டுபோகும் 'சீசா'வும் அதே வம்சந்தான். நம் 'கண்ணாடி' அழகான சொல்லே. ஆனால் முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி என்றிருக்க, ஜன்னலுக்கென்று தனிப் பெயர் ஒன்று எங்கள் வீட்டில் புழங்கியதில் எனக்கு ஏகப் பெருமை. என்ன, பெயர்தான் வந்திருந்தது, பொருள் வரவில்லை.

நான் பத்தாவது போன வருஷம், "படிக்கிற பொண்ணுக்கு வெளிச்சம் வேணும்" என்று அம்மா ஆசாரியை வைத்து ஷீஷா போட்டாள். ஆணி அடித்து இறுக்கிய அது, சில நாட்களிலேயே ரயில் அதிர்வில் மூலைக்கு மூலை விரிசல் விட்டது. தெருவே வேடிக்கை பார்த்தது. "ஷீஷால்லாம் மொதலாளி பங்களாவுக்குத்தான் தாங்கும். நமக்கு இன்னாத்துக்கு?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

விஷயத்தைக் கேட்ட நூர்ஜான் அக்கா, "கட்டைமேல அப்படியே வெச்சா உடையாம இன்னா பண்ணும்? மெத்தை போடு தோஸ்த்" என்றார். கால் நோகாமல் இருக்க ஷூவுக்குள் வைத்துத் தைக்கும் மெல்லிய ஆட்டுத்தோலில் வெட்டியது போக எறியும் துண்டுகளைக் கம்பெனியில் கேட்டு வாங்கி, வாராக நறுக்கி, பசை தடவி, புது ஷீஷாவின் நாலு விளிம்பையும் இருவரும் ஷூவுக்கு ஓரம் மடிப்பதுபோல மடித்து ஒட்டினார்கள். ஆசாரிக்குச் சிரிப்பு.

"ஷூ தைக்கிறீங்களா, ஜன்னல் வைக்கிறீங்களா?"

"ரெண்டுந்தான்" என்றாள் அம்மா.

சாயங்கால ரயிலுக்குத் தெருவே காத்து நின்றது, அத்தை முன்வரிசையில். தம்ளர்கள் கிணுகிணுத்தன, தரை அதிர்ந்தது. ஷீஷா அசையவே இல்லை. ரயில் போனதும் அத்தை கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்கும் ஒண்ணு போட்டுத் தர்றியா?"

"துண்டுத் தோல் இருக்குது, வா" என்றாள் அம்மா. அந்த மழைக்காலம் முடிவதற்குள் தெருவில் பாதி ஜன்னல்கள் ஷூ போட்டுக்கொண்டு நின்றன.

இப்போது வேலூரில் எங்கள் வீட்டில் இழுத்துச் சாத்தும் அலுமினிய ஜன்னல். என் மகளுக்கு அது 'விண்டோ கிளாஸ்'. நூர்ஜான் அக்கா இல்லை, 'ஷீஷா' என்று சொல்ல அம்மாவை விட்டால் ஆளில்லை. போன மாதம் ரயில் பாதையை அகலப்படுத்த ஆம்பூரில் அந்தத் தெருவையும் இடித்தார்கள். முட்டிவலியால் அம்மா வரவில்லை. நான் மட்டும் போய் நின்றேன். அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"செவுரு கெடக்குது வுடு. ஷீஷா இன்னா ஆச்சி?"

பெயர்த்துப் போட்ட ஜன்னல் மண்ணில் கிடந்தது. சட்டம் இரண்டாகப் பிளந்திருந்தது. குனிந்து புழுதியைத் துடைத்தேன்.

"முழுசா இருக்குதும்மா."

"இருக்கும்" என்றாள் அம்மா.