கரைக்கு இழுத்த விளக்கு

எண்பதுகளின் நடுவில் விபோர்க் என்ற டேனிஷ் நகரத்து ஏரிக்கரையில் நான் போட்ட சண்டையை எங்கள் ஆட்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

அப்போது நான் அகதி முகாமில் தனியாக இருந்தேன். ஊரில் என் கணவரை ஆமிக்காரர் பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு நாளும் எழும்பினேன்.

டேனிஷ் வகுப்பில் என்னோடு படித்த தாய்லாந்துப் பெண், அங்கே ஒரு விவசாயியைக் கட்டியிருந்தவள், தங்கள் விளக்குத் திருநாளுக்கு முகாமில் இருந்த தமிழர்கள் எங்களையும் கூப்பிட்டாள். நவம்பர் மாதம், பின்னேரமே இருட்டிவிட்டது. அவர்கள் ஊரில் விளக்கை வாழைத்தண்டில் வைத்துத் தண்ணீரில் விடுவார்களாம்; இங்கே வாழைத்தண்டுக்கு எங்கே போவது? காய்ந்த பாண் ரொட்டியில் செவ்வந்திப் பூக்களைக் குத்தி, நடுவில் மெழுகுதிரி வைத்து ஆளுக்கொன்று தந்தாள்.

"கஷ்டத்தை இதில் வைத்து விடு. தண்ணீர் கொண்டுபோய்விடும்" என்று தெரிந்த டேனிஷில் சொன்னாள். ஏரி முழுக்க வெளிச்சம் மிதந்தது. அழகாகத்தான் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கோ தண்ணீரில் விளக்கைக் கண்டதும் கீரிமலைக் கடற்கரையும் அங்கே செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கும்தான் நினைவுக்கு வந்தன. காலில் கிடந்த சப்பாத்துகளைக் கழற்றிவிட்டார்கள். முகாமில் எல்லாரும் அண்ணை என்று கூப்பிடும் ஒருவர் செத்தவீட்டுத் தேவாரத்தைத் தொடங்கினார். நான் என் விளக்கை விட்டதும் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தங்கச்சி, அவரின்ரை பேரைச் சொல்லிக் கும்பிடு. ஆத்துமா சாந்தியடையட்டும்."

"ஆரின்ரை ஆத்துமா?"

"எத்தினை நாளைக்கெண்டு பாத்துக்கொண்டிருப்பாய்?"

என்ன துணிச்சல்! இவர் பிணத்தைக் கண்டாரா? ஒருவரும் கொண்டுவராத சாவுச் செய்தியை இந்த மனுசன் எனக்குக் கொண்டுவருகிறார்! சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால்வரை விறைத்தது. விளக்கை எட்டிப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன்.

தாய்லாந்துத் தோழி பதறிப்போனாள். "எடுக்காதே, கஷ்டம் உன்னிடமே திரும்பி வந்துவிடும்!"

"வரட்டும். அவரைத் தேடுவதுதான் என் கஷ்டம். அதை நான் விடமாட்டேன்" என்றேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தன் கழுத்துத் துணியைக் கழற்றி என் காலைத் துடைத்துவிட்டாள். அண்ணை மட்டும் தேவாரத்தை நிறுத்தவில்லை.

இன்றுவரை ஒரு செய்தியும் வரவில்லை. திவசமாவது செய் என்று சொல்ல இப்போதும் யாராவது வருகிறார்கள். அவர்களுக்கு என் வீட்டில் தேத்தண்ணி கிடையாது.