காயம் ஆற்றும் டிராகன்

மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியராக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மூன்று பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுவோம். நான், வேலூர்க்காரரான மருந்தாளுநர், மலையிலேயே பிறந்து வளர்ந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர். மருந்தாளுநர் கதை சொல்வார். அந்தக் கதைக்குள் நாங்கள் எடுத்துக்கொண்ட ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டும். பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதையில் நான் வில் வைத்திருக்கும் ஒருத்தி. ஓட்டுநர், வீரனும் வேண்டாம் மந்திரவாதியும் வேண்டாம் என்று, பூனை அளவில் ஒரு குட்டி டிராகனாக இருந்தார். செம்பு நிறம், ஓணான் முதுகு. அதற்கு நெருப்புக் கக்கத் தெரியாது. நாக்கால் நக்கினால் வெட்டுக்காயம் மூடிக்கொள்ளும். அந்த மந்திரத்தை அவரே கேட்டு வாங்கினார்.

அந்த ஞாயிறு காலை, புளியமரம் உலுக்குவதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. தம்பி கொடுவாளால் அண்ணனின் கழுத்தில் வெட்டிவிட்டான். அண்ணனை வேலூருக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸுக்குள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் துணியை அழுத்திக்கொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் விரலிடுக்கில் ரத்தம் சூடாகப் பீறிட்டது. மலையடிவாரத்து அமிர்தி தாண்டியதும் பீறிடுவது நின்றுவிட்டது. நான் அழுத்திய கையை எடுக்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். வேகத்தைக் குறைக்காமலே வேலூர்வரை ஓட்டினார்.

திரும்பி வந்து வண்டியைக் கழுவினோம். மருந்தாளுநர் மேசை போட்டுக் காத்திருந்தார். ஆள் எப்படி என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் விட்டாயிற்று என்று மட்டும் ஓட்டுநர் சொன்னார். இன்றைக்கு வேண்டாமே என்றேன். ஆடலாம் என்று உட்கார்ந்தது ஓட்டுநர்தான்.

கதையில் கொள்ளையர்கள் எங்களைச் சூழ்ந்தார்கள். பகடை எங்களுக்கு எதிராகவே விழுந்தது. ஒருவன் கோடரியால் டிராகனின் இறக்கையை வெட்டினான். எலும்பு தெரிந்ததையும் தோல் தொங்கியதையும் மருந்தாளுநர் ரசித்துச் சொன்னார். டிராகன் தன் காயத்தை நக்கிக்கொள்கிறது என்றார் ஓட்டுநர்.

“தன்னையே ஆத்திக்க முடியாதுண்ணா. மத்தவங்களத்தான்.”

“யாரு சொன்னது?”

“ரூல் அப்பிடி.” மருந்தாளுநர் பகடையை உருட்டினார். “அடுத்த வெட்டு கழுத்துல. ரத்தம் பீச்சி அடிக்குது.”

ஓட்டுநரின் குத்து அவர் வாயில் விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தார். மேசை கவிழ்ந்தது. ஓட்டுநர் அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினார். கத்தவில்லை, திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மருந்தாளுநரின் தலை சிமெண்ட் தரையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. ஓட்டுநரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கிழிந்து கையோடு வந்தது. முழங்கையால் என்னைச் சுவரில் தள்ளினார். சலைன் ஸ்டாண்டைத் தூக்கி அவர் தோளில் பலங்கொண்ட மட்டும் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். அவர் உருண்டு விழுந்தார்.

“அந்தாளு செத்துட்டாரு சார்,” என்றார் கூரையைப் பார்த்தபடி. “வழியிலேயே.”

மருந்தாளுநரின் உதட்டுக்குத் தையல் போட்டேன். முன்பல் ஒன்று போயிருந்தது. ஓட்டுநருக்குத் தோள் எலும்பில் விரிசல். படியில் விழுந்துவிட்டோம் என்று இருவருமே டாக்டரிடம் சொன்னார்கள். அவர் நம்பவில்லை; மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

கட்டைப் பிரித்து வேலைக்குத் திரும்பிய அன்று ஓட்டுநர் மருந்து அறைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“அந்தக் குட்டி இன்னா ஆச்சி சார்?”

மருந்தாளுநர் என்னைப் பார்த்தார். பிழைத்துவிட்டது என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினேன்.

“செத்துடுச்சிண்ணா,” என்றார் அவர்.

“பொய் சொல்லுவீங்கன்னு நெனைச்சேன்,” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் வெளியே போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடவே இல்லை. மதியச் சாப்பாடு மட்டும் மூவரும் சேர்ந்துதான்.