மூன்று கோடு இழுத்த ப்ரூஃப் சவரன்

தியாகராய நகர் நகைக்கடை ஒன்றில் சிதம்பரநாதனுக்கு இருபத்தெட்டு வருஷமாக ஒரே வேலை. வருகிற பழைய நகையை உரைகல்லில் இழுத்து, கோட்டின் நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பையில் அந்தக் கல் இருக்கும். மூக்குக்கண்ணாடியை மறந்தாலும் மறப்பார், அதை மறக்க மாட்டார்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிடித்த பைத்தியத்தைப் பாருங்கள்: ப்ரூஃப் தங்கக் காசு! செலவழிப்பதற்காக அல்லாமல், சேர்த்து வைப்பவர்களுக்கென்றே மெருகேற்றிய அச்சில் அடித்த காசு. அதில் முகம் பார்க்கலாம். விரல் ரேகை பட்டாலே விலை இறங்கிவிடும் என்பதால் டப்பிக்குள்ளேயே கிடக்கும்.

"தொடக்கூடாத காச வாங்கி என்னத்துக்கு? என் கழுத்துலயாவது கிடக்கலாம்லா?" என்பாள் மனைவி தங்கம்.

வீட்டில் அப்படி இரண்டு காசு இருந்தன. ஆறு வருஷமாகத் தேடிய மூன்றாவது, ராணி முகம் பதித்த பழைய சவரன், மயிலாப்பூர் நாணயக் கண்காட்சிக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, சேமிப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்.

வியாபாரி பிரபாகர் கையுறை போட்டுக்கொண்டு டப்பியைத் திறந்தார். "வெளிய எடுக்கறதே கெடையாது சார். உனக்காவ எடுக்கறேன்" என்று வெல்வெட் துணியில் வைத்தார். சிதம்பரநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாணயச் சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன் வேறு காதோரம், "அபூர்வம் ஓய், விட்டுடாதேயும்" என்று தூபம் போட்டார்.

எதிரே பொன், அதற்கப்பால் ஒரு மனிதர். கடையில் இருக்கிற நினைப்பு வர அவ்வளவு போதும். சிதம்பரநாதனின் கை தன்பாட்டுக்குப் பைக்குள் போயிற்று. கல்லை எடுத்தது. காசின் விளிம்பை அழுத்தி மூன்று இழு இழுத்தது.

"அய்யய்யோ! இன்னா சார் பண்ட்ட?" பிரபாகர் போட்ட கூச்சலில் கண்காட்சியே திரும்பிப் பார்த்தது. "துட்ட வெச்சிட்டு நீயே எடுத்துக்கினு போ!"

"என்ன காரியம் பண்ணிட்டீர் ஓய்!" என்று ஸ்ரீரங்கன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சிதம்பரநாதனுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. தப்பு தன்னுடையது, காசை வாங்கிக்கொள்வதுதான் நியாயம். பணத்தை எடுக்கப் போனவர் பழக்கதோஷத்தில் கல்லையும் பார்த்தார். முதல் கோடு மஞ்சள். இரண்டாவது வெளுப்பு. மூன்றாவது செம்பு.

"தம்பி, இது மேல்பூச்சு" என்றார் மெதுவாக.

பிரபாகர் கல்லைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. "நானும் நம்பித்தான் சார் வாங்கனேன்" என்றார், பாவம்.

இப்போது ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். சிதம்பரநாதனுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. "வேற யாருக்காவது சந்தேகம் இருந்தா கொண்டாங்க, பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

படபடவென்று அத்தனை டப்பிகளும் மூடிக்கொண்டன. ஸ்ரீரங்கன் தன் காசுப் பெட்டியை மார்போடு அணைத்தபடி, "எனக்குக் காபி வேளை ஓய்" என்று நழுவினார்.

மந்தைவெளி வீடு வரைக்கும் சிதம்பரநாதன் சிரித்துக்கொண்டே வந்தார். கதையைக் கேட்டுத் தங்கமும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பீரோவைத் திறந்து அந்த இரண்டு காசையும் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இதையும் ஒரு இழு இழுத்துப் பாத்துருவோமா?"

சிதம்பரநாதனின் சிரிப்பு நின்றது. பைக்குள் போகப் பார்த்த வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் சுத்தமான தங்கம்" என்றார். "மொதல்ல உள்ள வை."