திறக்காத ஃபைலும் ஞாயிற்றுக்கிழமை ஃபோனும்

கனடாவில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவான். சாயங்கால ஆராதனை முடிந்து நான் வீடு வந்து சேலை மாற்றுகிற நேரம், அவனுக்கு அங்கே விடிந்து காப்பி குடிக்கிற நேரம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தண்ணி வருதா என்று கேட்பான். சாப்பிட்டேன், போட்டேன், வருது என்பேன். அதற்கு மேல் இரண்டு பேரிடமும் ஒன்றும் இருக்காது. பாளையங்கோட்டையில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தொண்டை கிழியப் பாடம் நடத்தினவள் நான். சொந்தப் பிள்ளையிடம் பேச வாயில் வார்த்தை வராது. ஃபோனை வைத்ததும் வீடு அப்படியே அமுங்கிப் போகும். அவன் அப்பா இறந்த பிறகு டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் நான் தோசை சுடுவது.

இந்த நிலையில்தான் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தகுதி பார்த்து ஒன்றுமில்லை. அவர் விட்டுப்போன கம்ப்யூட்டர் என் வீட்டில் இருந்தது, அதுதான் தகுதி. களக்காட்டுச் சங்கத்திலிருந்து முதல் வாரமே ஏதோ அனுப்பினார்கள். கிளிக் செய்தால், இதை எதை வைத்துத் திறக்க என்று அது என்னிடமே கேட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன், மூதேவி என்று திட்டிவிட்டு, மகனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: ஃபைல் திறக்க மாட்டேங்கு.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் கூப்பிட்டான். ஏதோ ஒன்றை கம்ப்யூட்டரில் இறக்கச் சொன்னான், அதில் வந்த நம்பரை வாசிக்கச் சொன்னான், கையை மவுசிலிருந்து எடு என்றான். எடுத்தேன். திரையில் இருந்த அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அங்கே கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு என் பிள்ளை என் மேசையில் கை வைக்கிறான். அம்புக்குறி பைய மேலே போகும், நிற்கும், ஒரு சுற்றுச் சுற்றும். சின்னப் பிள்ளையில் வீட்டுப்பாடம் எழுதும்போது பென்சிலை அப்படித்தான் சுற்றிக்கொண்டே இருப்பான். நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன், அவனும் பக்கத்தில் உட்கார இடம் வேண்டும் என்கிற மாதிரி. பைத்தியக்காரத்தனம்தான். வீட்டில் யார் பார்த்தார்கள்?

திறந்து காட்டிவிட்டு உடனே போகவும் இல்லை. திரையில் பின்னணியாக நான் வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டான். அம்பாசமுத்திரத்தில் ஆற்றில் குளித்துவிட்டு அவன் அப்பா தலை துவட்டுகிற படம். இது எப்ப எடுத்ததும்மா என்றான். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபைலாகச் சொல்லித் தந்தான். பேரில் புள்ளி வைத்து அதற்கு அப்புறம் வருகிற எழுத்துதான் அது என்ன வகை என்று சொல்லும், முதலில் அதைப் பார் என்றான். அந்த எழுத்து என் கண்ணில் படும்படி அவனே மாற்றியும் வைத்தான். டாக் என்றால் எழுதினது, திருத்தலாம். பிடிஎஃப் என்றால் கண்ணாடி போட்டு மாட்டின படம் மாதிரி, எந்த வீட்டில் மாட்டினாலும் அப்படியே இருக்கும், சுலபத்தில் கை வைக்க முடியாது. ஜேபிஜி என்றால் போட்டோ. அவன் ஐபோனில் எடுத்து அனுப்புவது மட்டும் ஹெச்இஐசி என்று வரும், என் பழைய கம்ப்யூட்டருக்கு அது ஆகாது.

அந்த வருஷம் அசனம் வந்தது. சபை முழுக்க ஒரே பந்தியாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற நாள். நோட்டீசை அச்சகத்து அண்ணாச்சி மெயிலில் அனுப்பினார். புள்ளிக்கு அப்புறம் சிடிஆர் என்று இருந்தது, திறக்கவில்லை. எனக்குத்தான் இப்போது விஷயம் தெரியுமே! சிடிஆரை அழித்துவிட்டு பிடிஎஃப் என்று எழுதினேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. போடா என்று ஓகே கொடுத்தேன். அப்போதும் திறக்கவில்லை.

என்னம்மா செய்தே என்று மகன் கேட்டான். சொன்னேன். என் பூட்டனார் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர் ஆனபோது முதலில் மாற்றினது பேரைத்தான், பேர் மாறினது, ஆளே மாறிவிட்டார் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள், ஃபைலுக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்டேன்.

"எம்மா, நீ ஃபைலுக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்க" என்று சிரித்தான் பாருங்கள், நிறுத்த முடியவில்லை அவனால். அச்சு அசல் அவன் அப்பா சிரிப்பு. பேரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது, அது அச்சகத்துக்காரர்கள் வைத்திருக்கும் சாஃப்ட்வேரில்தான் திறக்கும், அண்ணாச்சியிடமே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல் என்றான். அந்த வாரம் முழுக்க நான் டி.வி. போடவில்லை.

ஆனால் நான் வாத்தியார் ஆயிற்றே. ஒரு தடவை சொன்னால் மண்டையில் ஏறிவிடும், இறங்காது. மூட்டையாகக் கட்டி வருகிற ஜிப் ஃபைலை மவுசின் வலது பக்கத்தை அமுக்கிப் பிரிக்கக் கற்றேன். ஹெச்இஐசியை ஜேபிஜி ஆக்கக் கற்றேன். சங்கத்துப் பெண்கள் என்னிடம் கேட்டு வர ஆரம்பித்தார்கள். மகனைக் கூப்பிட ஒரு முகாந்திரமும் இல்லாமல் போனது. மறுபடியும் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தண்ணி வருதா. சில ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை, வேலை என்று ஒரு வரி வரும். வீட்டில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று நிற்பேன்.

அதனால் ஒரு நாள், நன்றாகத் திறக்கிற ஜிப் ஃபைல் ஒன்றை வைத்துக்கொண்டு மெசேஜ் போட்டேன். திறக்க மாட்டேங்கு லே.

வந்தான். அம்புக்குறி வந்தது. அடுத்த வாரம் பிடிஎஃப் திறக்கவில்லை என்றேன், அதற்கடுத்து போட்டோ. ஒவ்வொரு தடவையும் அம்புக்குறியின் வேகம் கூடிக்கொண்டே போனது. நேரே போய்த் திறக்கும், போய்விடும். சுற்றுவது, நிற்பது ஒன்றும் இல்லை. படத்தைப் பற்றிப் பேச்சும் இல்லை. பிறகு ஒரு நாள் அது பாதித் திரையில் அப்படியே நின்றது. ஃபோனில் அவன் குரல் தணிந்து வந்தது.

"எம்மா, இதே தான போன வாரமும் சொல்லித் தந்தேன். உனக்கு ஞாபகம் இல்லையா? வேற எதுவும் மறக்குதா? டாக்டர்ட்ட ஒருக்கா காட்டுவமா?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது லே, உனக்கு எந்தப் பல் எந்த மாசம் முளைத்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் பிறகு ஏன் கூப்பிட்டாய் என்று கேட்பானே. உன் குரல் கேட்கத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயசாச்சு இல்லையா, பாத்துக்கிடுதேன் என்று வைத்துவிட்டேன். அழுகை வந்தது. அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடவில்லை. ஒரு ஃபைல் வந்தது. புள்ளிக்கு அப்புறம் எம்பி4 என்று இருந்தது, வீடியோ. கூடவே ஒரு வரி: லீவு போட்டு உனக்காகச் செஞ்சதும்மா, இனி நீ யாருக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஒரே கிளிக்கில் திறந்தது. அவன் குரல்தான். எல்லா வகை ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டியிருந்தான். அவசரமே இல்லை, பைய, எழுத்து எழுத்தாகச் சொல்லியிருந்தான். இவ்வளவு பொறுமையாக அவன் என்னிடம் பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் முடிந்ததும், "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்கென்று கொஞ்சம் இடம் விட்டிருந்தான்.

"இல்ல லே, புரியல" என்றேன்.

சரி, அடுத்ததுக்குப் போவோம் என்றான்.